ஸ்லொவொ (மூலச் சிலாவியச் சொல்)

*ஸ்லொவொ என்பது மூலச் சிலாவிய மொழியில் "சொல்", "பேச்சு" ஆகிய பொருள்களில் வழங்கியதாக மொழியியலாளர்களால் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டுள்ள ஒரு பெயர்ச்சொல் ஆகும். உருசியம், போலியம், செக், சுலோவீனியம், பல்கேரியம் முதலிய சிலாவிய மொழிகள் அனைத்திலும் இச்சொல்லின் வழிவந்த வடிவங்கள் இன்றும் வழக்கில் உள்ளன. மூலச் சிலாவிய மொழி எழுதப்பட்ட மொழி அன்று. எனவே இச்சொல் எந்தக் கல்வெட்டிலோ ஏட்டிலோ அம்மொழிக்கு உரியதாக நேரடியாகக் கிடைக்கவில்லை. சொல்லின் முன் இடப்படும் உடுக்குறி (*) அது ஏடுகளிற் காணப்பட்ட வடிவம் அன்று, ஒப்பீட்டின் மூலம் வருவிக்கப்பட்ட வடிவம் என்பதைக் காட்டுகிறது.

இப்பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது ஒரு தனித்தன்மையைக் காட்டுகின்றது. எழுவாய் ஒருமையில் இல்லாத ஒரு ஸகரம் ஏனைய வேற்றுமைகளில் தோன்றுகிறது. "சொல்" என்பது *ஸ்லொவொ. "சொல்லினது" என்பது *ஸ்லொவெஸெ. இந்த ஸகரம் எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கான விடை இச்சொல்லின் வரலாற்றை விளக்குவதோடு, எழுதப்படாத ஒரு மொழியின் இலக்கணத்தை எவ்வாறு அறிய முடிகிறது என்பதையும் காட்டுகிறது.

மூலச் சிலாவிய மொழி

இன்றைய சிலாவிய மொழிகள் மூன்று கிளைகளாக வகுக்கப்படுகின்றன. உருசியம், உக்குரேனியம், பெலருசியம் ஆகியன கிழக்குக் கிளையையும், போலியம், செக், சுலோவாக்கியம், சோர்பியம் ஆகியன மேற்குக் கிளையையும், சுலோவீனியம், செர்பியம், குரோவாசியம், மாசிடோனியம், பல்கேரியம் ஆகியன தெற்குக் கிளையையும் சேர்ந்தவை. இவை அனைத்துக்கும் பொதுவான தாய்மொழியே மூலச் சிலாவியம் எனப்படுகிறது. கி.பி. முதலாம் ஆயிரவாண்டின் நடுப்பகுதியில், சிலாவியர் கிழக்கு ஐரோப்பாவிலும் பால்கன் பகுதியிலும் பரவத் தொடங்கிய காலத்தில், இம்மொழி பெருமளவு ஒன்றுபட்ட மொழியாக இருந்தது எனக் கருதப்படுகிறது. இம்மொழி இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தினுள் லித்துவேனியம், லாத்வியம் ஆகிய பால்ட்டிக் மொழிகள் இதற்கு மிக நெருங்கியவை.

சிலாவிய மொழிகளுள் முதலில் எழுத்து வடிவம் பெற்றது பழைய திருச்சபைச் சிலாவியம் ஆகும். கி.பி. 863 இல் மொராவியாவுக்குச் சென்ற சிரில், மெத்தோடியசு ஆகிய சகோதரர்கள் கிறித்தவ நூல்களை இம்மொழியில் பெயர்த்தனர். இன்று கிடைக்கும் படிகள் பெரும்பாலும் 10 ஆம், 11 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இது தெசலோனிக்கிப் பகுதியின் தென்சிலாவியப் பேச்சு வழக்கை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே இதனையே மூலச் சிலாவியம் எனக் கொள்வது தவறு. எனினும் காலத்தால் மூலமொழிக்கு மிக அண்மையில் நிற்பதால், வேற்றுமை வடிவங்களை மீட்டுருவாக்குவதற்கு முதன்மையான சான்றாக இதுவே விளங்குகிறது.

தமிழ் எழுத்தில் ஒலிகள்

மூலச் சிலாவிய மொழியின் உயிர்களைத் தமிழின் குறில், நெடில் வேறுபாட்டைக் கொண்டே பெரும்பாலும் எழுதிவிடலாம். இக்கட்டுரையில் பின்வரும் முறை கையாளப்படுகிறது.

- எ, ஒ என்பன குற்றுயிர்கள். ஆ, ஏ, ஈ, ஊ என்பன நெட்டுயிர்கள்.
- இ, உ என எழுதப்படுபவை இயல்பான அளவினும் குறுகி ஒலித்த உயிர்கள். தமிழ் இலக்கணம் கூறும் குற்றியலிகரம், குற்றியலுகரம் ஆகியவற்றோடு இவற்றை ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். பிற்காலச் சிலாவிய மொழிகளில் இவை சில இடங்களில் அடியோடு மறைந்தன; சில இடங்களில் எ, ஒ போன்ற முழு உயிர்களாக மாறின.
- ஊ’ என மேற்குறியுடன் எழுதப்படுவது, ஊகாரத்திலிருந்து பிறந்து இதழ் குவியாமல் ஒலிக்கப்பட்ட ஓர் உயிர்.
- ஹ என்பது தொண்டைக்கு அண்மையில் உரசி ஒலிக்கும் மெய்.

இன்றைய மொழிகளின் சொற்கள் அவற்றின் எழுத்துக்கூட்டலை ஒட்டித் தரப்படுகின்றன. உருசிய மொழியில் அழுத்தம் பெறாத ஒகரம் அகரம் போல ஒலிக்கும் என்பதால் உச்சரிப்பு சிறிது வேறுபடும்.

மூலமொழியில் இருந்து சிலாவியத்துக்கு

*ஸ்லொவொ என்னும் சொல், மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் *க்லெவொஸ் என இருந்த சொல்லின் வழிவந்தது. "கேள்" என்னும் பொருளுடைய *க்லெவ் என்பது இதன் வேர். வேரோடு -ஒஸ் என்னும் விகுதி சேர்ந்து "கேட்கப்படுவது" என்னும் பொருளைத் தந்தது. இதன் இனச்சொற்கள் பல மொழிகளில் உள்ளன.

- சமஸ்கிருதம்: சிரவஸ் (புகழ்)
- அவெத்தா மொழி: ஸ்ரவஹ் (சொல், உரை)
- கிரேக்கம்: க்லெஒஸ் (புகழ்)
- பழைய ஐரியம்: க்லூ (புகழ்)

சமஸ்கிருதத்தில் இதே வேரிலிருந்து பிறந்த சுருதி, சிரவணம் ஆகிய சொற்கள் தமிழிலும் வழங்குகின்றன. சுருதி என்பது "கேட்கப்பட்டது", சிரவணம் என்பது "கேட்டல்". இராவணனின் தந்தையாகக் கூறப்படும் விச்சிரவசு, இந்திரனின் குதிரையாகக் கூறப்படும் உச்சைச்சிரவசு ஆகிய பெயர்களின் இறுதியில் உள்ளதும் மேற்காட்டிய சிரவஸ் என்னும் சொல்லே.

மூலச்சொல் சிலாவிய வடிவத்தை அடைந்த படிகள் பின்வருமாறு விளக்கப்படுகின்றன.

முதல் மெய்: மூலமொழியின் அண்ணச் சாயல் கொண்ட ககரம் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ககரமாகவே நின்றது. சமஸ்கிருதத்தில் அது சகரச் சாயல் ஒலியாகவும், லித்துவேனியத்தில் ஷகரமாகவும், சிலாவியத்தில் ஸகரமாகவும் மாறியது. "நூறு" என்னும் எண்ணுப்பெயரிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். இலத்தீனில் அது கெந்தும், சமஸ்கிருதத்தில் சதம், லித்துவேனியத்தில் ஷிம்தஸ், உருசியத்தில் ஸ்தோ. "புகழ்" என்னும் பொருளுடைய லித்துவேனியச் சொல் ஷ்லோவே என ஷகரத்தில் தொடங்குவதும் இதனாலேயே.

முதல் உயிர்: மூலச்சொல்லில் எகரம் இருக்க, சிலாவியத்தில் ஒகரம் காணப்படுகிறது. உயிரொன்றின் முன் வந்த -எவ்- என்னும் ஒலித்தொடர் சிலாவியத்தில் -ஒவ்- என மாறியது. "புதிய" எனப் பொருள்படும் மூலச்சொல் *நெவொஸ் என்பதாகும். அது கிரேக்கத்தில் நெஒஸ் எனவும், சமஸ்கிருதத்தில் நவஸ் எனவும் இருக்க, மூலச் சிலாவியத்தில் *நொவு என அமைவது இம்மாற்றத்தை உறுதிப்படுத்துகிறது.

இறுதி மெய்: மூலச் சிலாவிய மொழியின் ஒரு கட்டத்தில் அசைகள் அனைத்தும் உயிரில் முடியவேண்டும் என்னும் போக்கு வலுப்பெற்றது. இது திறந்த அசை விதி எனப்படுகிறது. இதன் விளைவாகச் சொல்லிறுதி மெய்கள் யாவும் மறைந்தன. *ஸ்லொவொஸ் என்பது *ஸ்லொவொ ஆயிற்று.

மறைந்த ஸகரம்

இறுதி மெய் கெட்டபின் எழுவாய் வடிவத்தில் ஸகரத்தின் சுவடே இல்லாமற் போயிற்று. ஆனால் வேற்றுமை உருபு சேர்ந்த வடிவங்களில் அந்த ஸகரம் சொல்லின் இறுதியில் நிற்கவில்லை. அதன்பின் உயிர் ஒன்று வந்ததால், அது அடுத்த அசையின் முதல் ஒலியாக அமைந்தது. ஸ்லொ-வெ-ஸெ என்னும் வடிவத்தில் ஒவ்வோர் அசையும் உயிரிலேயே முடிகிறது. திறந்த அசை விதி அங்கு எதையும் நீக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆகவே *ஸ்லொவெஸெ முதலிய வடிவங்களில் உள்ள ஸகரம் புதிதாகத் தோன்றியது அன்று. பழைய ஸகரம் எழுவாயில் மட்டும் இழக்கப்பட்டு, ஏனைய இடங்களிற் காக்கப்பட்டது.

தமிழில் மரம் என்னும் எழுவாய், வேற்றுமை உருபு ஏற்கும்போது மரத்தை, மரத்தின் என -அத்து- பெற்று வருவதை இதனோடு ஒப்புநோக்கலாம். இவ்விரு மொழிகளுக்கும் இதில் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. தமிழில் அத்து என்பது சாரியை எனக் கொள்ளப்படுகிறது. சிலாவியத்தில் -எஸ்- என்பது சாரியை அன்று. அது சொல்லின் பகுதிக்கே உரிய பழைய விகுதி. இத்தகைய பெயர்கள் ஸகர ஈற்றுப் பெயர்கள் எனப்படுகின்றன.

இதே விகுதிக்குப் பிற மொழிகளில் நேர்ந்தவை இவ்விளக்கத்துக்கு வலுச் சேர்க்கின்றன. சமஸ்கிருதத்தில் ஆறாம் வேற்றுமை ஒருமை சிரவஸஸ் என அமைந்து ஸகரத்தை இரண்டு இடங்களிலும் காக்கிறது. கிரேக்கத்தில் உயிர்களுக்கு இடைப்பட்ட ஸகரம் மறைந்தது. இலத்தீனில் அது ரகரமாக மாறியது. "இனம்" எனப் பொருள்படும் கெனுஸ் என்னும் சொல்லின் ஆறாம் வேற்றுமை கெனெரிஸ் என்பதாகும். செருமானிய மொழியில் "கன்று" எனப் பொருள்படும் கால்ப் என்னும் சொல் பன்மையில் கெல்பர் என ரகரம் பெறுவதும் இவ்விகுதியின் எச்சமே.

எழுவாயில் -ஒஸ் எனவும் ஏனைய இடங்களில் -எஸ்- எனவும் உயிர் மாறுவதும் கவனிக்கத்தக்கது. சமஸ்கிருதத்தில் பழைய எகரமும் ஒகரமும் அகரமாக ஒன்றிவிட்டதால் இவ்வேறுபாடு அங்கே தெரிவதில்லை. கிரேக்கமும் சிலாவியமும் இதனைக் காத்துள்ளன. பழமையான நூல்களைக் கொண்ட மொழியே எல்லா வகையிலும் மூலமொழிக்கு நெருங்கியது எனக் கொள்ள முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

வேற்றுமை வடிவங்கள்

மூலச் சிலாவிய மொழியில் ஏழு வேற்றுமைகளும், ஒருமை, இருமை, பன்மை என மூன்று எண்களும் இருந்தன. தமிழ் இலக்கணம் கூறும் எட்டு வேற்றுமைகளுள் ஐந்தாவதாகிய நீங்கல் வேற்றுமை சிலாவியத்தில் தனியாக இல்லை. அது ஆறாம் வேற்றுமையோடு ஒன்றிவிட்டது. பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், நடுப்பால் என மூன்று பால்களாக வகுக்கப்பட்டன. உயிருள்ளவை, உயிரற்றவை எனும் பொருள் வேறுபாடு இதற்கு அடிப்படை அன்று. இது பெரும்பாலும் சொல்லின் வடிவம் பற்றிய பாகுபாடே. *ஸ்லொவொ நடுப்பாற் சொல் ஆகும்.

ஒருமை

- எழுவாய், இரண்டாம் வேற்றுமை, விளி: *ஸ்லொவொ
- மூன்றாம் வேற்றுமை (கருவி): *ஸ்லொவெஸிமி
- நான்காம் வேற்றுமை (கொடை): *ஸ்லொவெஸீ
- ஆறாம் வேற்றுமை (உடைமை): *ஸ்லொவெஸெ
- ஏழாம் வேற்றுமை (இடம்): *ஸ்லொவெஸெ

இருமை

- எழுவாய், இரண்டாம் வேற்றுமை, விளி: *ஸ்லொவெஸே
- மூன்றாம், நான்காம் வேற்றுமைகள்: *ஸ்லொவெஸிமா
- ஆறாம், ஏழாம் வேற்றுமைகள்: *ஸ்லொவெஸூ

பன்மை

- எழுவாய், இரண்டாம் வேற்றுமை, விளி: *ஸ்லொவெஸா
- மூன்றாம் வேற்றுமை: *ஸ்லொவெஸூ’
- நான்காம் வேற்றுமை: *ஸ்லொவெஸிமு
- ஆறாம் வேற்றுமை: *ஸ்லொவெஸு
- ஏழாம் வேற்றுமை: *ஸ்லொவெஸிஹு

வேற்றுமையும் எண்ணும் சேர்ந்து மொத்தம் 21 இடங்கள் இருப்பினும், வேறுபட்ட வடிவங்கள் 12 மட்டுமே. நடுப்பாற் பெயர்களில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் எப்போதும் ஒரே வடிவில் அமைவது இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொது இயல்பு. இருமையில் வடிவங்கள் மேலும் குறைந்து மூன்றாகின்றன. 21 இடங்களுள் எழுவாய், இரண்டாம் வேற்றுமை, விளி ஆகியவற்றின் ஒருமையில் மட்டுமே ஸகரம் இல்லை.

அழுத்தத்தைப் பொறுத்தவரை இது இடம்பெயரும் அழுத்தம் கொண்ட சொல்லாகும். ஒருமையில் முதல் அசையும், பன்மையில் இறுதி அசையும் அழுத்தம் பெற்றன. இன்றைய உருசியத்தில் ஒருமை வடிவமாகிய ஸ்லோவோ முதல் அசையிலும், பன்மை வடிவமாகிய ஸ்லொவா இறுதி அசையிலும் அழுத்தம் பெறுவது இதன் தொடர்ச்சி ஆகும்.

ஒரே சொல்லில் ஸகரமும் ஹகரமும்

பன்மை ஏழாம் வேற்றுமை வடிவமாகிய *ஸ்லொவெஸிஹு என்பதில் மற்றொரு ஒலிவிதியைக் காணலாம். இவ்வேற்றுமையின் பழைய உருபு -ஸு என்பதாகும். சமஸ்கிருதத்திலும் இவ்வுருபு உண்டு. இ, உ, ர், க் ஆகிய ஒலிகளை அடுத்து வந்த ஸகரம் சிலாவியத்தில் ஹகரமாகவும், சமஸ்கிருதத்தில் ஷகரமாகவும் மாறியது. சமஸ்கிருதத்தில் அக்னி என்னும் சொல் இவ்வேற்றுமையில் அக்னிஷு என வருவது இதனாலேயே. ர், உ, க், இ என்னும் நான்கு ஒலிகளையும் சேர்த்து இது "ருகி விதி" என அழைக்கப்படுகிறது. சிலாவியத்தில் இவ்விதியின் செயற்பாட்டை டென்மார்க்கு நாட்டு மொழியியலாளர் ஓல்கர் பெடர்சன் 1895 இல் விரிவாக ஆராய்ந்தார்.

*ஸ்லொவெஸிஹு என்னும் வடிவத்தில் பகுதியில் உள்ள ஸகரம் எகரத்தை அடுத்து நிற்பதால் மாறவில்லை. உருபில் இருந்த ஸகரம் இகரத்தை அடுத்து நின்றதால் ஹகரம் ஆயிற்று. இந்த இகரம் ஸகர ஈற்றுப் பெயர்களுக்கு இயல்பாக உரியது அன்று. இகர ஈற்றுப் பெயர்களின் -இஹு என்னும் முடிபு இவற்றுக்கும் பரவியது எனக் கொள்ளப்படுகிறது. -இமு, -இமி, -இமா என்பனவும் அவ்வாறு வந்தவையே. எனவே மீட்டுருவாக்கப்பட்ட இவ்வடிவங்கள் அனைத்தும் ஒரே பழமை உடையவை அல்ல.

ஐயத்துக்குரிய இடம்

இச்சொல்லின் மீட்டுருவாக்கத்தில் எளிதாகத் தோன்றும் பகுதியே அதிக விவாதத்துக்கு உள்ளானது. அது எழுவாயின் இறுதி உயிராகிய ஒகரம் ஆகும். மேலே கூறப்பட்ட இரு சொற்களையும் அருகருகே வைத்தால் சிக்கல் தெளிவாகும்.

- "புதிய" (ஆண்பால்): கிரேக்கம் நெஒஸ், சமஸ்கிருதம் நவஸ், மூலச் சிலாவியம் *நொவு
- "புகழ், சொல்" (நடுப்பால்): கிரேக்கம் க்லெஒஸ், சமஸ்கிருதம் சிரவஸ், மூலச் சிலாவியம் *ஸ்லொவொ

இரண்டும் மூலமொழியில் -ஒஸ் என்றே முடிந்தன. ஆயினும் சிலாவியத்தில் ஒன்று உகரத்திலும் மற்றொன்று ஒகரத்திலும் முடிகிறது. ஒரே ஒலி ஒரே சூழலில் இரு விதமாக மாறாது என்பது ஒப்பியல் மொழிநூலின் அடிப்படைக் கொள்கை. ஆகவே இவற்றுள் ஒன்று ஒலிவிதிப்படி வந்ததாகவும் மற்றொன்று வேறு காரணத்தால் வந்ததாகவும் இருத்தல் வேண்டும். இதற்கு இரு முதன்மையான விளக்கங்கள் உள்ளன.

முதல் விளக்கத்தின்படி -உ என்பதே விதிப்படியான முடிபு. நடுப்பாற் சுட்டுப்பெயராகிய *தொ (அது) என்பதன் ஒப்புமையால் நடுப்பாற் பெயர்கள் ஒகர ஈற்றைப் பெற்றன. இரண்டாம் விளக்கத்தின்படி -ஒ என்பதே விதிப்படியான முடிபு. ஆண்பாற் சொற்களின் -உ, -ஒம் என முடிந்த பழைய இரண்டாம் வேற்றுமையில் தோன்றி, பின்னர் எழுவாய்க்கும் பரவியது. இரு விளக்கங்களுக்கும் ஆதரவாளர்கள் உள்ளனர். முடிவு எதுவாயினும் *ஸ்லொவொ என்னும் வடிவம் மாறாது. அது எவ்வாறு தோன்றியது என்னும் வரலாறே மாறும்.

வேற்றுமை முறையின் சிதைவு

*ஸ்லொவொ என்னும் எழுவாயைக் கேட்கும் ஒருவருக்கு அது ஸகர ஈற்றுப் பெயர் என்பது தெரியாது. *ஸெலொ (ஊர்), *மேஸ்தொ (இடம்) போன்ற ஏராளமான நடுப்பாற் பெயர்களும் ஒகரத்திலேயே முடிந்தன. அவற்றின் ஆறாம் வேற்றுமை *ஸெலா, *மேஸ்தா என எளிமையாக அமைந்தது. ஸகர ஈற்றுப் பெயர்களோ மிகச் சிலவே. இதனால் பேசுவோர் *ஸ்லொவொ என்பதையும் பெரும்பான்மை வகையில் சேர்த்து ஸ்லொவா எனக் கூறத் தொடங்கினர். பழைய திருச்சபைச் சிலாவிய ஏடுகளிலேயே ஸ்லொவெஸெ என்பதோடு ஸ்லொவா என்பதும் காணப்படுகிறது. மாற்றம் எதிர்த் திசையிலும் நிகழ்ந்தது. ஸகர ஈறு இல்லாதிருந்த "மரம்", "செயல்" ஆகிய பொருளுடைய சொற்கள் சில வழக்குகளில் -எஸ்- பெற்றன.

இன்றைய மொழிகளில் பழைய ஸகரம் பின்வரும் வகைகளில் எஞ்சியுள்ளது.

முழுமையாக: சுலோவீனிய மொழியில் ஸ்லொவொ என்பதன் ஆறாம் வேற்றுமை இன்றும் ஸ்லொவெஸா என்பதே. கொலொ (சக்கரம்), தெலொ (உடல்) முதலிய சொற்களும் இவ்வாறே கொலெஸா, தெலெஸா என வருகின்றன. உருபு புதிது, பகுதி பழையது. இருமையைக் காத்துள்ள சிலாவிய மொழிகளுள்ளும் இது ஒன்று. சோர்பிய மொழிகள் ஏனையவை.

பன்மையில் மட்டும்: உருசியத்தில் நெபொ (வானம்) என்பதன் பன்மை நெபெஸா ஆகும். "அற்புதம்" எனப் பொருள்படும் சூதொ என்னும் சொல்லின் பன்மை சூதெஸா. செக் மொழியிலும் நெபெ என்பதன் பன்மை நெபெஸா. பல்கேரிய மொழி பெயர்களின் வேற்றுமைகளைப் பெரும்பாலும் இழந்துவிட்ட போதிலும் நெபெஸா என்னும் பன்மையைக் காத்துள்ளது. உருசியத்தில் ஸ்லொவெஸா என்னும் பன்மை பழைய வழக்காகவோ எள்ளலாகவோ மட்டும் ஆளப்படுகிறது. பொது வழக்கில் ஸ்லொவா என்பதே பன்மை.

வழிச்சொற்களில்: உருசியத்தில் ஸ்லொவெஸ்னி (சொல்லால் ஆன), நெபெஸ்னி (வானத்துக்குரிய), தெலெஸ்னி (உடலுக்குரிய) ஆகிய பெயரடைகளில் ஸகரம் வருகிறது. இலக்கியத்தைக் குறிக்கும் ஸ்லொவெஸ்னொஸ்த் என்னும் சொல்லும் இவ்வகையினது. உருசியம் கற்கும் மாணவர்கள் இவற்றை விதிவிலக்குகளாக மனனம் செய்வது வழக்கம். ஆனால் இவை பழைய விதி ஒன்றின் எச்சங்களே.

புதிய எழுவாயாக: சில இடங்களில் வேற்றுமை வடிவத்தின் பகுதியிலிருந்தே புதிய எழுவாய் உருவாக்கப்பட்டது. உருசியத்தில் சக்கரத்தைக் குறிக்கும் கொலெஸொ என்னும் சொல் இவ்வாறு தோன்றியது. போலிய மொழியிலோ -எஸ்- இல்லாத பழைய எழுவாயே தொடர்கிறது. செக், சுலோவாக்கிய மொழிகளில் ஸ்லொவொ என்பது "சொல்". ஸ்லொவெஸொ என்பது இலக்கணத்தில் "வினைச்சொல்". ஒரே சொல்லின் எழுவாயும் ஏனைய வேற்றுமைகளின் பகுதியும் இன்று இரு வேறு சொற்களாக நிற்கின்றன.

பொருள் மாற்றம்

"கேட்கப்படுவது" என்னும் அடிப்படைப் பொருள் இரு திசைகளில் வளர்ந்தது. ஒருவரைப் பற்றிப் பிறர் வாயிலாகக் கேட்கப்படுவது புகழ். கிரேக்கமும் சமஸ்கிருதமும் இப்பொருளைக் கொண்டன. ஓமரின் இலியத்திலும் இருக்கு வேதத்திலும் "அழியாப் புகழ்" எனப் பொருள்படும் தொடர்கள் ஒத்த சொற்களால் அமைந்திருப்பதை செருமானிய அறிஞர் அடல்பெர்ட்டு கூன் 1853 இல் சுட்டிக்காட்டினார். சிலாவியத்தில் "கேட்கப்படுவது" என்பது "சொல்" ஆயிற்று. "புகழ்" என்னும் பொருளுக்கு அதே வேரின் நீண்ட உயிர் கொண்ட வடிவமாகிய *ஸ்லாவா அமைந்தது. பெரிக்கிளீசு முதலிய கிரேக்கப் பெயர்களின் இறுதியிலும், சுத்தானிசிலாவ், யாரோசிலாவ் முதலிய சிலாவியப் பெயர்களின் இறுதியிலும் வருவது இந்த ஒரே வேர்.

யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் லோகொஸ் என்னும் கிரேக்கச் சொல்லைப் பழைய திருச்சபைச் சிலாவியத்தில் பெயர்த்தோர் ஸ்லொவொ என்பதைப் பயன்படுத்தினர். சிரில்லிய எழுத்துகளுள் ஸகரத்தைக் குறிக்கும் எழுத்தின் பழைய பெயரும் ஸ்லொவொ என்பதே. இன்று உருசியம், போலியம், செக், சுலோவாக்கியம் ஆகியவற்றில் இது "சொல்" என்னும் பொருளைத் தருகிறது. செர்பிய, குரோவாசிய மொழிகளில் "எழுத்து" எனவும், சுலோவீனியத்தில் "பிரியாவிடை" எனவும் பொருள்படுகிறது. பல்கேரியத்தில் உயர்வழக்கில் "சொற்பொழிவு", "சொல்" ஆகிய பொருள்களில் ஆளப்படுகிறது.

சிலாவியர் தம்மைக் குறித்த *ஸ்லொவேனெ என்னும் இனப்பெயரும் இச்சொல்லிலிருந்து பிறந்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இதன்படி அப்பெயர் "விளங்கும் சொல்லைப் பேசுவோர்" எனப் பொருள்படும். செருமானியரைக் குறிக்கும் சிலாவியப் பெயர் "ஊமை" எனப் பொருள்படும் சொல்லோடு தொடர்புடையதாக இருப்பது இதற்குத் துணையாகக் காட்டப்படுகிறது. எனினும் இப்பெயர் ஓர் ஆற்றின் அல்லது இடத்தின் பெயரிலிருந்து வந்தது எனக் கருதுவோரும் உளர்.

ஆய்வு வரலாற்றில் இடம்

சிலாவிய வேற்றுமை வடிவங்களின் ஆய்வு ஒப்பியல் மொழிநூலின் வளர்ச்சியில் முக்கிய இடம் வகிக்கிறது. மீட்டுருவாக்கப்பட்ட வடிவங்களுக்கு உடுக்குறி இடும் வழக்கத்தை நிலைபெறச் செய்தவர் செருமானிய அறிஞர் ஆகத்து சிலெய்கர் (1821–1868) ஆவார். அவருக்குப் பின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆகத்து லெசுகீன் (1840–1916), சிலாவிய-லித்துவேனிய, செருமானிய மொழிகளின் வேற்றுமைகள் பற்றி 1876 இல் ஒரு நூலை வெளியிட்டார். ஒலிவிதிகளுக்கு விலக்கு இல்லை என்னும் கொள்கையை அவர் அந்நூலில் வலியுறுத்தினார். விலக்கு எனத் தோன்றுவது எதுவாயினும், அதற்கு மற்றொரு விதியோ ஒப்புமையாக்கமோ காரணமாக இருத்தல் வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

*ஸ்லொவொ என்னும் சொல்லுக்குத் தரப்படும் விளக்கம் இக்கொள்கையின் வழியே அமைந்தது. எழுவாயில் ஸகரம் இல்லாமையும் பிற வேற்றுமைகளில் அது தோன்றுவதும் முதற் பார்வைக்கு ஒழுங்கின்மை போலத் தெரிகின்றன. சொல்லிறுதி மெய் கெடும் என்னும் ஒரே விதி இரண்டையும் விளக்கிவிடுகிறது. அவ்விளக்கத்தைச் சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் தனித்தனிச் சான்றுகள் உறுதிசெய்கின்றன. சான்றுகள் மாறுபடும் இடத்தில், இறுதி ஒகரத்தைப் போல, கேள்வி திறந்தே விடப்படுகிறது. உடுக்குறி பெற்ற வடிவம் ஒவ்வொன்றும் இவ்வாறு கிடைத்த சான்றுகளின் சுருக்கமே ஆகும். புதிய சான்று கிடைக்குமாயின் அது திருத்தத்துக்கு உரியது.